வாசனை தெரியாதவன் வளர்த்த வெள்ளை எலிகள்

நாய் கூடாது, பூனை கூடாது என்று வாடகைக்கு வரும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எலியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு இரண்டு வெள்ளை எலிகள் வந்தன.

அண்ணனூரில், மின்சார ரயில்கள் வந்து நிற்கும் பணிமனைக்குப் பின்னால் உள்ள தெருவில் முதல் மாடி வீடு எங்களுடையது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத சமையலறை. நாய்க்குட்டி வேண்டும் என்று இரண்டு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த மகள், ஏழாம் வகுப்புக்குப் போனதும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது வராத வருத்தம் எனக்கு அப்போதுதான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் மீனும் கிளியும் விற்கும் கடைக்குக் கூட்டிப்போனேன். ஒரு கண்ணாடித் தொட்டியில், மரத்தூளின் மேல், பத்துப் பதினைந்து வெள்ளை எலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தூங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு.

"இது போதும்ப்பா" என்றாள்.

அந்தப் 'போதும்' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாங்கினேன். கம்பிக் கூண்டு, ஓடுவதற்குச் சக்கரம், தண்ணீர் பாட்டில், ஒரு பை மரத்தூள்.

என்னைப் பற்றி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எனக்கு வாசனை தெரியாது. தொழிற்பேட்டையில் ஒரு பிளேட்டிங் ஷாப்பில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். இரும்புச் சாமான்களை ஆசிட் தொட்டியில் முக்கித் துருவை எடுத்து, கழுவி, நிக்கல் தொட்டியில் இறக்கிப் பளபளவென்று வெளியே எடுக்கிற வேலை. அந்தப் புகை கொஞ்சம் கொஞ்சமாக மூக்கைத் தின்றது. மிச்சம் இருந்ததைக் கொரோனாக் காய்ச்சல் கொண்டுபோனது. ரசம் கொதிப்பதும் தெரியாது, பால் தீய்வதும் தெரியாது. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற கால்வாயை நான் டீயைக் குடித்துக்கொண்டே தாண்டுவேன். இதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. சில நாள் வசதி என்றுகூட நினைத்திருக்கிறேன்.

கூண்டைப் படுக்கையறை ஜன்னல் ஓரத்தில், ஒரு பிளைவுட் பலகையின் மேல் வைத்தோம். மகள் படிப்பதும் தூங்குவதும் அந்த அறையில்தான். அவளுடைய யூனிஃபார்மும் அங்கேதான் சுவர் ஆணியில் தொங்கும். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவே மாட்டோம்.

மூன்றாவது வாரம், வேலை முடிந்து வந்த என் மனைவி ஒரு செருப்பைக் கழற்றியவள் இன்னொன்றைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். அவளுக்கு ஏற்றுமதித் துணி கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றபடியே சட்டைகளில் தையல் பிசகைத் தேட வேண்டும். ஆவடியில் பிறந்து வளர்ந்தவள்.

"இன்னாங்க இது, வூட்டுக்குள்ள காலு வைக்க முடியல. எலிப் பொந்துக்குள்ள நொழையிற மாரி கீது."

"காலையிலதானே தூளை மாத்தினேன்."

"உங்களுக்கு இன்னா தெரியும்? மூக்கு கீறவ நான்தான அனுபவிக்கிறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் அலுத்துப்போய்ச் சொன்னாள்.

முதலில் ஊதுபத்தி கொளுத்தினோம். பிறகு சாம்பிராணி. பிறகு எலுமிச்சம்பழப் படம் போட்ட ரூம் ஸ்ப்ரே. கடைசியாக, யாரையும் கேட்காமல், நான்கு பாச்சை உருண்டைகளைத் துணியில் முடிந்து கூண்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் எலிகள் இரண்டும் எதிர்மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. கண்கள் பாதி மூடியிருந்தன. தும்மிக்கொண்டிருந்தன. எலி தும்மும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். மகள் அழுதுகொண்டே முடிச்சைப் பிய்த்து வெளியே எறிந்தாள்.

"இப்ப எலி நாத்தத்தோட பாச்சை உருண்டை நாத்தமும் சேந்துகிச்சு" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு கழுவ ஆரம்பித்தேன். எங்கள் ஷாப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்கிற ஒரே பாடம், கழுவுவது சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்பதுதான். தினமும் ஐந்தரைக்கு எழுந்து, எலிகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் விட்டுவிட்டு, கூண்டில் இருக்கும் தூள் மொத்தத்தையும் கொட்டுவேன். கூண்டு, சக்கரம், அவை தூங்குகிற மண் சட்டி என்று எல்லாவற்றையும் குளியலறையில் போட்டு பினாயில் ஊற்றித் தேய்ப்பேன். புதுத் தூள் போடுவேன். முதுகு பிடித்துக்கொள்ளும். அதே முதுகோடு ஓடிப்போய் ரயிலைப் பிடிப்பேன். கூண்டு மட்டும் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

நாற்றம் கூடிவிட்டது என்றாள் மனைவி. நான் நம்பவில்லை. அவளுக்கு எலிகளைப் பிடிக்காது, அதனால் சொல்கிறாள் என்று நினைத்தேன். கண்ணுக்கு அவ்வளவு சுத்தமாக இருக்கிற ஒன்று எப்படி நாறும்? மகளைக் கேட்டால் "எனக்கு ஒண்ணும் தெரியலப்பா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்வாள். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் பள்ளியிலிருந்து போன் வந்தது. வகுப்பு ஆசிரியை பேசினார். நேரில் வரச் சொன்னார். மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான் அரை நாள் சொல்லிவிட்டுப் போனேன். ஆசிரியை என்னைவிட வயதில் சிறியவர். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேசையில் இருந்த நோட்டுகளை அடுக்கினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல தண்ணிக் கஷ்டம் ஏதாவது இருக்கா?"

"இல்லையே மிஸ். ஏன்?"

"உங்க பொண்ணு பக்கத்துல பிள்ளைங்க உக்கார மாட்டேங்கறாங்க சார். யூனிஃபார்ம்ல ஒரு வாசனை வருதுன்னு சொல்றாங்க. ஒரு மாசமா அவ கடைசி பெஞ்சில தனியாத்தான் உக்காந்திருக்கா. நான் முன்னாடி வரச் சொன்னாலும் வர மாட்டேங்கறா. பவுடர் டப்பாவை பையில வச்சிருக்கா. பாத்ரூம் போய்ப் போட்டுக்கிட்டு வர்றா."

"எலி மிஸ்" என்றேன்.

"வீட்டுல எலித் தொல்லையா சார்?"

"இல்ல மிஸ். வளக்கிறோம்."

அவர் மறுபடி நோட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று மாலை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"எனக்கு நெஜமாவே தெரியலப்பா. அந்த ரூம்லயே இருக்கேன்ல, பழகிடுச்சு. அவங்க சொன்னப்புறம்தான் தெரியும். என்னை எலின்னுதான் கூப்பிடுறாங்க."

"வீட்டுல ஏன் சொல்லல?"

"சொன்னா அம்மா தூக்கிப் போட்டுடுவாங்க. உனக்குத்தான் வாசனை தெரியாதே. உனக்குத் தெரியாத வரைக்கும் அதுங்க இங்க இருக்கும்னு நெனச்சேன்."

எனக்கு வாசனை தெரியாததை நம்பி அவள் ஒரு மாதம் அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

மனைவி வந்ததும் சொன்னேன். சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். "கொண்டுபோய் எங்கனா உட்டுட்டு வாங்க. நாளைக்கே."

"ரெண்டு எலி. இன்னும் கொஞ்ச நாள் பாப்போம், பழகிடும்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

"பழகிடும், பழகிடும். உங்க சட்டை நாத்தமே எனக்கு இன்னும் பழகல."

"என் சட்டைக்கு என்ன?"

"கல்யாணம் ஆன நாள்லேந்து அந்த ஆசிட் நாத்தம். சோப்பு போட்டாலும் போவாது, வெயில்ல காயப் போட்டாலும் போவாது. உங்க துணிக்குன்னு தனி பக்கெட்டு வச்சிகினு கீறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

ஷாப்பின் கறை மற்ற துணிகளில் பிடிக்காமல் இருக்கத்தான் தனி பக்கெட் என்று நான் நினைத்திருந்தேன்.

"ஒரு நாள்கூட நீ சொல்லலையே."

"சொல்லி இன்னா பண்றது? வேலைய உட்டுட்டு வூட்ல குந்திக்குவீங்களா?"

மறுபடி குழாயைத் திறந்து பாத்திரத்தைக் கழுவினாள். நான் கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். சட்டையை இழுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என்னைச் சுற்றி இருக்கிற மனிதர்கள் எத்தனை பேர், எத்தனை வருடமாக, என்னிடம் எதையெல்லாம் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசித்தேன். ரயிலில் எனக்குப் பக்கத்து இடம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். அதை என் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மகளுக்குப் பள்ளி இருந்தது. நான் லீவு போட்டேன். கூண்டை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, அவற்றை வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். சிடிஎச் சாலையில் சிக்னலுக்கு நின்றபோது பக்கத்து வண்டியில் இருந்த பெண் துப்பட்டாவை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். காலையில்தான் பினாயில் போட்டுக் கழுவிய கூண்டு அது. மனைவி பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்கு முழுதாக நம்பிக்கை வந்தது.

கடைக்காரர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். "ரெண்டுமே ஆம்பள. இவ்ளோ பெருசானதை வளக்கறதுக்கு எவனும் வாங்க மாட்டான், அண்ணாத்தே. வோணும்னா உட்டுட்டுப் போ. பெரிய மீனு வச்சிகீறவங்க வாராவாரம் வருவாங்க."

"மீன் வச்சிருக்கிறவங்களுக்கு எலி எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாண்ணா, சின்னப் புள்ளயா நீ?"

மீனுக்கு இரையாகத்தான் என்று எனக்குப் புரிந்தது. எலிகளில் ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்று என் விரலை முகர்ந்தது. கூண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த வெயிலில் அவற்றை வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போகிற தெம்பும் இல்லை, அங்கே விட்டுவிட்டுப் போகிற மனமும் இல்லை. ஒரு வேப்ப மர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு வெறுமனே நின்றேன். எதிரே ஒரு கால்நடை மருத்துவரின் போர்டு இருந்தது. அங்கே உட்கார நாற்காலி இருக்கும் என்றுதான் உள்ளே போனேன்.

டாக்டர் ஓர் இளம் பெண். எலியைக் காதோடு சேர்த்து வைத்து மூச்சைக் கேட்டார். மூக்கின் நுனி சிவந்திருப்பதைக் காட்டினார். நான் என்னென்ன செய்தேன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பாச்சை உருண்டை என்றதும் முகத்தைச் சுளித்தார்.

"தினமும் மொத்தத்தையும் கழுவுறீங்களா?"

"ஒரு நாள்கூட விட்டதில்ல மேடம்."

"அதுதான் சார் பிரச்சனையே. ஆண் எலிக்கு அதோட மூத்திர வாசனைதான் இது என் இடம்னு சொல்ற அடையாளம். நீங்க தினமும் அதைத் துடைச்சு எடுத்துடுறீங்க. இது வேற யாரோட இடமோன்னு பயந்துபோய் அது மூலைக்கு மூலை மறுபடியும் அடிச்சு வைக்குது. நீங்க எவ்வளவு கழுவுறீங்களோ அவ்வளவு அடிக்கும். பினாயில் அதுங்க நுரையீரலுக்கும் ஆகாது."

இரண்டு மாதமாகப் பிடித்துக்கொண்டிருந்த முதுகைத் தடவிக்கொண்டேன். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். மெல்லிய மரத்தூள் வேண்டாம், மூக்கில் ஏறும். கிழித்த காகிதத்தைக் கனமாகப் போடுங்கள். ஈரமாகிற மூலையை மட்டும் தினமும் அள்ளி எடுங்கள். வாரம் ஒருமுறை மீதியை மாற்றினாலும், அவை தூங்குகிற இடத்தில் இருக்கும் உலர்ந்த காகிதத்தில் ஒரு கைப்பிடியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். கழுவுவதற்கு வெந்நீரும் கொஞ்சம் வினிகரும் போதும். காற்று வருகிற இடத்தில் வையுங்கள், வெயில் மட்டும் படக் கூடாது. வாசனையாக எதையும் தெளிக்காதீர்கள்.

"கூண்டுக்கு மேல மூக்கை வச்சுப் பாருங்க சார். கண்ணைக் கரிக்கிற மாதிரி அமோனியா நெடி வந்தா காகிதத்தை மாத்தணும்னு அர்த்தம்."

"எனக்கு வாசனை தெரியாது மேடம்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப வீட்டுல யாரையாவது பார்க்கச் சொல்லுங்க" என்றார் மெதுவாக.

மனைவியைத் தினமும் கூண்டில் மூக்கை வைக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் அமோனியா என்ற சொல் மனதில் நின்றுவிட்டது. அது காரம். காரமா ஆசிடா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. நிக்கல் தொட்டியில் தினமும் பிஎச் பேப்பரை முக்கி, நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் நாங்கள் தொட்டியைச் சரிசெய்வோம். திங்கட்கிழமை கெமிக்கல் கடையில் ஒரு புத்தகம் பிஎச் பேப்பர் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு துண்டை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, கூண்டின் ஈர மூலைக்குச் சற்று மேலே, எதிலும் படாமல் பிடித்தேன். மஞ்சளாக இருந்த காகிதம் ஒரு நிமிடத்துக்குள் பச்சையாகி, ஓரத்தில் நீலம் காட்டியது. கூடத்துக் காற்றில் பிடித்த இன்னொரு துண்டு மஞ்சளாகவே இருந்தது.

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒரு நாற்றம் எனக்குத் தெரிந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அந்தக் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இவ்ளோவாப்பா?" என்றாள்.

அதன்பின் வேலை குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வேலை மாறியது. கூண்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, வலை அடித்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தோம். அதன் அடியில் இருந்த பிளைவுட் பலகை மூத்திரத்தில் ஊறி உப்பியிருந்தது. அதைத் தூக்கியபோது மனைவி வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். பலகையை எறிந்துவிட்டுப் பழைய டைல்ஸ் ஒன்றைப் போட்டேன். யூனிஃபார்ம் பீரோவுக்குள் போனது. எங்கள் ஷாப்பின் ஆபீஸில் காகிதம் கிழிக்கும் எந்திரத்திலிருந்து விழும் சுருள்களைக் கேட்டு வாங்கி மூட்டையாக ரயிலில் கொண்டுவந்தேன். காலையில் எழுந்ததும் பேப்பரை நனைத்துப் பிடிப்பேன். பச்சை தட்டினால் ஈர மூலையை அள்ளிவிட்டு மறுபடி பிடிப்பேன். முதல் பத்து நாள் பச்சைதான். எலிகளுக்கு நம்பிக்கை வர அவ்வளவு நாள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வெறும் மஞ்சளும், எப்போதாவது இளம்பச்சையும்.

ஒரு மாலை மனைவி வேலையிலிருந்து வந்தாள். இரண்டு செருப்பையும் கழற்றினாள், உள்ளே வந்தாள், மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

யூனிஃபார்மில் வாசனை போய்விட்டது. ஆனால் பெயர் போகவில்லை. அந்த வருடம் முடியும் வரை பள்ளியில் அவள் எலிதான். ஆசிரியை இரண்டு முறை கண்டித்தாராம். கண்டித்த நாளில் பிள்ளைகள் மெதுவாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேப்பரில் மஞ்சள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அவளிடம் கேட்டால் தோளைக் குலுக்குவாள். நானும் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன்.

அடுத்த கோடையில் ஓர் எலி இறந்துபோனது. அவற்றின் ஆயுளே ஒன்றிலிருந்து இரண்டு வருடம்தான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தண்டவாள மதில் ஓரத்து மண்ணில் நானும் மகளும் குழி தோண்டினோம். மண் காய்ந்து இறுகிப்போயிருந்ததால் நெடுநேரம் ஆனது. திரும்பி வரும்போது, "இன்னொண்ணு போனதும் வேற வாங்க வேணாம்ப்பா" என்றாள். இப்போது அவளுக்கு எட்டாம் வகுப்புப் பாடமும் டியூஷனும் இருக்கின்றன. மிச்சமிருக்கிற எலியை ஒரு நாளில் இரண்டு நிமிடம் கையில் எடுத்து வைத்துக்கொள்வாள். மற்றதெல்லாம் என் வேலையாகிவிட்டது. எனக்கு ஓவர்டைம் உள்ள நாட்களில் மனைவி திட்டிக்கொண்டே ஈர மூலையை அள்ளிப் போடுகிறாள்.

போன மாதம் மகளுடைய வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அறிவியல் நோட்டு வாங்க வீட்டுக்கு வந்தாள். அவள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல்களைத் திறந்தேன். மூன்று பேப்பர் பிடித்துப் பார்த்தேன். என் சட்டையைக் கழற்றிவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டேன். அந்தப் பெண் வந்தாள், கூண்டைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எலி அவள் கையில் ஏறி முழங்கை வரை நடந்தது. இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். அரை மணி நேரம் கழித்து நோட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றேன்.

"வாசனை வந்துச்சா?"

"வந்துச்சு, லேசா."

"அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாம இன்னா? எலி கீற வூட்ல எலி வாசன வரத்தான் செய்யும். போய் முகத்தக் கழுவுங்க, வேர்த்துப் போய் கீறீங்க."

போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். கூடத்தில் மகள் எலியைக் கூண்டுக்குள் விட்டு, கதவின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள்.